சங்குத்துறையில் வர்ணம் காயாத கதை

சங்குத்துறைக் கலைக்கூடத்துப் படங்கள் எல்லாம் மறுபடியும் ஈரமாகிப்போன செவ்வாய்க்கிழமை காலையில் அதை முதலில் கண்டுபிடித்தது இயக்குநரும் இல்லை, எந்த ஓவியரும் இல்லை, பெண் பார்க்கப் போகிற வழியில் இன்னும் நேரம் கிடக்கிறதே என்று உள்ளே நுழைந்து, புதுச் செருப்பு கடித்த காலைத் தூக்கிப் பார்ப்பதற்காக ஒரு படத்தின் மேல் தோளைச் சாய்த்து நின்ற ஒரு கல்யாண மாப்பிள்ளை. அவன் நிமிர்ந்தபோது வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு நீலக் கடல் அலையும் நுரையுமாக ஒட்டிக்கொண்டு வந்தது. காவல்காரர் இசக்கி விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்து படத்தைத் தொட்டுப் பார்த்தார், விரலை முகர்ந்து பார்த்தார், பிறகு பக்கத்துப் படத்தையும் அதற்கடுத்த படத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் காக்கிச் சட்டையிலேயே விரலைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் பச்சையா இருக்கு" என்று சத்தமாகச் சொன்னார். மாப்பிள்ளை அந்தச் சட்டையோடுதான் போனான், பெண் வீட்டார் கடலை நன்றாகப் பார்த்துவிட்டுப் பெண்ணைக் கொடுத்தார்கள்.

பத்து வருஷத்துக்கு முன் வரைந்தது, இருபது வருஷத்துக்கு முன் வரைந்தது, வரைந்தவர் தலை நரைத்துப் போனது, வரைந்தவரே செத்துப் போனது, எல்லாம் அன்று காலை தூரிகையை எடுத்த கையோடு விட்டுப்போன மாதிரி பளபளத்தன, ஆளிவிதை எண்ணெய் வாசனை வாசலைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, மீன் ஏலக்கூடம்வரை போனது. ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஊர்கள் எதையும் எடுத்துக்கொள்வது மாதிரிதான் எடுத்துக்கொண்டது. வியப்பெல்லாம் ஒரு வாரம் தாங்கவில்லை. உப்புக்காற்று என்றார்கள் கடலுக்குப் போகிறவர்கள், எண்ணெயில் கலப்படம் என்றார்கள் கடைக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச் சாமியார் இதைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தார், தொழுகை முடிந்து வந்தவர்கள் நின்று எட்டிப் பார்த்துவிட்டு மாஷா அல்லா என்று சொல்லிப் போனார்கள். பெண்கள் வெள்ளைக் கைக்குட்டை கொண்டுவந்து மாம்பழப் படத்தில் லேசாக ஒற்றி எடுத்துப் போனார்கள், அந்த மாம்பழத்தில் நிஜ ஈக்கள் வந்து உட்கார்ந்து மாட்டிக்கொண்டன. கலைக்கூடத்துப் பூனை பச்சைக் காலோடு ஊர் மதில் முழுக்க நடந்தது. சலவைக்காரர் தன் கடை வாசலில், கலைக்கூடத்துக் கறை இங்கே எடுக்கப்பட மாட்டாது என்று எழுதிப் போட்டார், ஏனென்றால் தெரியாமல் எடுத்துவிட்டு ஒருத்தரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஏன் ஈரமானது என்று கேட்டுக்கொண்டு அலைந்தவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான்.

இதில் தூக்கம் போனது இயக்குநர் திவாகருக்கு. நல்ல படிப்பு, நல்ல சட்டை, யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷன், அதுதான் அவரிடம் உள்ள கோளாறே. அந்தப் படங்களையெல்லாம் கப்பலேற்றி வெளிநாட்டில் ஒரு பெரிய கண்காட்சிக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார், முற்றத்தில் மரப்பெட்டிகள் அடித்து வரிசையாக நின்றன, ஈரப் படத்தை எந்தப் பெட்டியில் எப்படிச் சுற்றி வைப்பது? மின்விசிறி வைத்தார், அழகு நிலையத்திலிருந்து தலைமுடி உலர்த்துகிற கருவிகளை வாடகைக்கு எடுத்துவந்து பெண்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஊதச் சொன்னார், படங்கள் இன்னும் கொஞ்சம் பளபளத்தன. ஒரு கடல் படத்தை வெயிலில் கொண்டுபோய் வைத்தார்கள், கடல் சட்டத்தை விட்டு இறங்கிப் படிவழியாக வடிந்து சாக்கடையை நோக்கிப் போக ஆரம்பித்தது, அலறியடித்து உள்ளே தூக்கினார்கள், அது தன்பாட்டுக்கு மேலேறித் தன்னிடத்தில் போய் நின்றுகொண்டது.

அந்தக் கடலை வரைந்தவர் சாகுல். கலைக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் வீடு. ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே பித்தளைத் தகட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? உள்ளூர் ஓவியர், பெயர் தெரியவில்லை. சாகுல் படத்துக்குக் கீழே மட்டுமில்லை, அந்தக் கட்டடத்தில் உள்ள அத்தனை படத்துக்கும் கீழே அதுதான். பெயர் இல்லாமல் இருந்தால்தான் வெளிநாட்டார் மண்ணின் குரல் என்று ரசிப்பார்கள் என்பது திவாகருடைய கொள்கை. மண்ணின் குரலுக்கு வீட்டு வாசலில் அழைப்பு மணி இருந்தது, திவாகரே அதை அழுத்தி உள்ளே போய் இரண்டு முறை பிரியாணி சாப்பிட்டிருக்கிறார்.

அமலோற்பவம் டீச்சருக்கு வந்த கோபம் பெயரோடு நிற்கிற கோபம் இல்லை. கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருக்கிற அமலோற்பவம், உப்பளத்துப் பெண்கள் வேலைக்குப் போகிற காட்சியைச் சுவர் அகலத்துக்கு வரைந்து, கலைக்கூடம் திறந்த வருஷம் பெருமையோடு கொடுத்திருந்தாள். பிறகு ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நின்றபோது படம் ஒரு முழம் குறைந்திருந்தது. இரண்டு ஜன்னலுக்கு நடுவே பொருந்தவில்லை, இடது ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டோம் என்றார் திவாகர், ஓரம்தானே மேடம் என்றார். அந்த ஓரத்தில்தான் அவள் தங்கை புஷ்பம் உப்புக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டுத் திரும்பிய முகத்தோடு நின்றாள். புஷ்பம் காய்ச்சலில் செத்துப்போய், அந்த வருஷத்து மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து போட்டோப் பெட்டியும் ஊறிக் கூழாகிப்போன பிறகு, அவள் முகம் என்று பூமியில் இருந்தது அந்த ஒரு முழம் மட்டும்தான்.

புஷ்பத்தின் மகள் ஜெசிந்தா கைக்குழந்தையாக அமலோற்பவத்திடம் வந்து, இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சின்ன வயசில், அம்மா எப்படிப் பெரியம்மா இருப்பா என்று கேட்பாள். அமலோற்பவம் தாளை எடுத்து வரைய உட்காருவாள், கண் வரும், மூக்கு வரும், புஷ்பம் வரமாட்டாள். ஆயிரம் முகம் வரைகிற கைக்குத் தங்கை முகம் மட்டும் வரவில்லையே என்று அவள் அழுததைப் பார்த்த பிறகு பிள்ளை கேட்பதை விட்டுவிட்டது. அந்த ஓரம் எங்கே என்று அமலோற்பவம் கலைக்கூடத்துக்கு நடையாய் நடந்தாள், பார்க்கிறோம் மேடம் என்பதைத் தவிர வேறு பதில் வாங்கி வந்ததில்லை.

சாகுல்தான் எல்லாரையும் வலை பின்னுகிற கொட்டகையில் கூட்டிச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தவர். கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை: பேரைப் போடு, கேட்காமல் வெட்டாதே, கேட்காமல் எங்கேயும் அனுப்பாதே, எங்கள் படத்தைப் பார்க்க எங்களைப் பின்வாசல் வழியாக வரச் சொல்லாதே. திவாகர் அவர்களை உட்கார வைத்து முந்திரிப் பருப்பு கொடுத்து, உங்கள் உணர்வுகளை மதிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். அதோடு கிடப்பில் கிடந்த விஷயம், படங்கள் ஈரமானதும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

ஏனென்றால் சங்குத்துறை ஓவியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஈரம் இருக்கிறவரை படம் வரைந்தவருக்குச் சொந்தம். முழுப் பணமும் கொடுத்தவராக இருந்தாலும், வரைந்தவர் வாயால் முடிஞ்சுது என்று சொல்லும்வரை கை வைக்கக் கூடாது. கோயில் பீடத்துக்குப் படம் வரையச் சொன்ன பங்குச் சாமியாரே, ஓவியர் முடிஞ்சுது என்று சொல்லாததால் ஈஸ்டரை வெறும் சுவரோடு கொண்டாடியிருக்கிறார். ஆகவே சாகுல் நேராகக் கலைக்கூடத்து முன்வாசலில் போய் நின்று, ஊர் கேட்கச் சொன்னார்: "படமெல்லாம் ஈரமா இருக்கு. அப்ப அது எங்களுது. எங்களக் கேக்காம ஒரு ஆணியக் கழட்டுனாலும் ஊர் பாத்துக்கிட்டு இருக்காது."

ஊரும் ஆமாம் என்றது. பெட்டி அடித்த தச்சர்களே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சங்கத்தோடு வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். டீக்கடை பாத்திரத்தோடு இடம் மாறி அங்கே வந்தது. கேட்டது கிடைக்கும்வரை ஒருத்தரும் தூரிகையைத் தொடுவதில்லை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள், கலர் வாசனையைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது என்ன பாடு என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பாடு தாங்காமல்தான் கோமதிநாயகம் அண்ணாச்சி காரியத்தைக் கெடுத்தார். சங்கத்திலேயே வயசில் மூத்தவர், மாடு வரைந்தால் மாடு திரும்பிப் பார்க்கும் என்று பெயர் எடுத்தவர். படங்களின் நிலைமையை வந்து பாருங்கள் என்று திவாகர் அழைத்தபோது எல்லாரோடும் உள்ளே போனார், தன் காளை மாட்டுக்கு முன்னால் நின்றார், அதன் பின்னங்கால் நிழல் தப்பான பக்கம் விழுந்திருந்தது, கலைக்கூடத்துக்குக் கொடுத்த மறுநாளிலிருந்து அவரை உறுத்திக்கொண்டே இருந்த நிழல் அது, இப்போது ஈரமாக, கைக்கெட்டுகிற தூரத்தில். சாகுல் பேசிக்கொண்டிருந்தார், திவாகர் தலையாட்டிக்கொண்டிருந்தார், அண்ணாச்சி கட்டைவிரலை நீட்டி நிழலை ஒரே இழுப்பில் வலது பக்கம் தள்ளிவிட்டு, தன்னையறியாமல், "ஆங், முடிஞ்சுது" என்றார். காளை அந்த நிமிஷமே காய்ந்தது. திவாகர் பார்த்துவிட்டார். போய்க் காளையைத் தொட்டார், சுத்தமாக இருந்த விரலைப் பார்த்துச் சிரித்தார்.

"கை கேக்கல டீச்சர்" என்று அண்ணாச்சி வாசலில் வந்து உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். சாகுல் பல்லைக் கடித்தார், ஆனால் திட்டவில்லை. யாரும் திட்டவில்லை. ஒவ்வொருத்தர் படத்திலும் தப்பாக விழுந்த நிழல் ஒன்று இருக்கத்தானே செய்தது.

அதற்குப் பிறகு திவாகர் கூட்டமாக யாரையும் கூப்பிடவில்லை, தனித்தனியாகக் கூப்பிட்டார். ஒருத்தருக்கு வெளிநாட்டுப் பயணம், ஒருத்தருக்குத் தனி அறை, இன்னொருத்தர் மகனுக்கு வேலை, எல்லாம் தங்கள் படத்துக்கு முன்னால் வந்து முடிஞ்சுது என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு. யாரும் போகவில்லை, ஆனால் போகாதவர்கள் ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். பிறகு அமலோற்பவத்தைக் கூப்பிட்டார்.

அவளுக்குத் தருவதற்கு அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதைப் போல எதுவும் யாரிடமும் இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு துணிச்சுருளை எடுத்தார். பாதி விரித்தார். உப்புக்கூடை தெரிந்தது, சேலையின் அரக்குக் கரை தெரிந்தது, கூடையைப் பிடித்த கை, கையில் புஷ்பம் கழற்றவே கழற்றாத கறுத்த வளையல். ஓரமும் ஈரமாகத்தான் இருந்தது. முகம் சுருளுக்குள்ளேயே இருந்தது.

"நாளைக்கு வந்து உங்க படத்தை முடிச்சுக் கொடுங்க மேடம். இது உங்களுக்கு. பேரும் போட்டுடலாம், உங்க பேரை மட்டும்" என்றார் திவாகர்.

"இத்தன வருசமும் இங்கனதான் இருந்துச்சா?"

"பத்திரமா இருந்தது" என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

அமலோற்பவம் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். உள்ளே இருப்பது கோபமா ஆசையா என்று அவளுக்கே தெரியவில்லை. சாயந்திரம் ஜெசிந்தா வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள், வளையல் வரைக்கும் சொன்னாள். ஜெசிந்தா அடுப்பில் சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்குப் பாக்கணும் பெரியம்மா. பாக்காண்டாம்னு பொய் சொல்லமாட்டேன்" என்றாள் கடைசியில். "ஆனா எங்கம்மையப் பாதி விரிச்சுக் காட்டுன ஆளு கையில இருந்து, அந்த ஆளு சொன்ன மாதிரி வாங்கிட்டு வராதீய."

மறுநாள் காலையில் அமலோற்பவம் கையில் ஒரு பையோடு கலைக்கூடத்துக்கு வந்து முன்வாசல் வழியாக உள்ளே போனாள். இசக்கி, "யக்கா, வேண்டாம்க்கா" என்றார், ஆனால் தடுக்கவில்லை. வாசலில் டீக்கிளாஸ்கள் அப்படியே நின்றன. சாகுல் எழுந்து நின்றார். டீச்சரா, டீச்சருமா என்று யாரோ கேட்டார்கள், கோமதிநாயகம் அண்ணாச்சி மட்டும், பேசாம இருங்கலே, அவ தங்கச்சி உள்ள கெடக்கா என்று அதட்டினார்.

உள்ளே திவாகர் பூ வைத்து ஒரு நாற்காலி போட்டிருந்தார். "ஓரத்த மொதல்ல பக்கத்துல வைங்க, அளவு பாக்கணும்" என்றாள் அமலோற்பவம். நியாயமாகத்தான் இருந்தது. சுருளைக் கொண்டுவந்து முழுசாக விரித்து ஒரு பலகையில் சாய்த்து வைத்தார்கள், புஷ்பம் இத்தனை வருஷத்துக்குப் பிறகு யாரோ கூப்பிட்டதும் திரும்பி அக்காவைப் பார்த்தாள். அமலோற்பவம் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வரைஞ்சு வரைஞ்சு தேடுனது இதத்தான், இவ்வளவுதான், இந்தப் புருவத்துல ஒரு ஏத்தம், இதுதான எனக்கு வரல என்று முனகினாள். திவாகர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அவள் பையிலிருந்து எடுத்தது தூரிகை இல்லை. ஒரு மண்ணெண்ணெய்ப் பாட்டிலும் பழைய சேலை ஒன்றும். சேலையை நனைத்தாள், ஜன்னலுக்கு நடுவே இருந்த பெரிய படத்துக்கு முன் நின்றாள், உப்பளத்துக்குப் போகிற அத்தனை பெண்களையும் ஒருமுறை முகம் முகமாகப் பார்த்தாள், அவர்கள் ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி, என்ன மன்னிச்சுக்கோங்க என்றாள், பிறகு இடதுபுறம் மேலேயிருந்து துடைக்க ஆரம்பித்தாள். அவள் வாழ்நாளில் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான், அது அவளுக்கும் தெரியும், திவாகருக்கும் தெரியும். வெள்ளை உப்புக் குவியல்கள் போயின, விடியற்கால வானம் போனது, சேலைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து அவள் முழங்கைவரை வழிந்தன. திவாகர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார், கத்தினார், காவலைக் கூப்பிட்டார். இசக்கி வந்தார், பார்த்தார், "ஈரமால்லா சார் இருக்கு, அவிய படம்லா" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். அமலோற்பவம் அழுதுகொண்டே துடைத்தாள், வெறும் துணி தெரிகிறவரை துடைத்தாள்.

பிறகு ஓரத்துக்கு முன்னால் வந்து முழங்காலிட்டாள். "என் படம் இதான்" என்றாள். "வெட்டிப் போட்டியளே, இந்த ஒரு முழம். இது முடிஞ்சுது."

புஷ்பம் காய்ந்தாள். அமலோற்பவம் அவளைச் சுருட்டாமல் விரித்தபடியே இரண்டு கையிலும் முன்னால் ஏந்திக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தாள், ஜெசிந்தா ஐஸ் கம்பெனி உடுப்போடு அங்கே நின்றுகொண்டிருந்தாள். தாயும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "எனக்கு அந்தப் புருவம் இருக்கு பெரியம்மா" என்றாள் ஜெசிந்தா.

சாகுலுக்கு யாரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு படியேறி, அமலோற்பவம் உள்ளே விட்டுவந்த பாட்டிலில் அதை நனைத்தார், அவருக்குப் பின்னால் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள், கையில் கிடைத்த துணியோடு, சிலர் கட்டியிருந்த வேட்டி முனையோடு. படம் காய்ந்துபோனதால் துடைக்க ஒன்றுமில்லாத கோமதிநாயகம் அண்ணாச்சி டீக்கடை ஸ்டவ்வுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு, வேணுங்கிறவங்க வாங்கலே என்று கூடவே போனார். ஒவ்வொருத்தரும் அவரவர் படத்துக்கு முன்னால் போய் நின்று துணியை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். செத்துப்போனவர்கள் படத்துக்கு முன்னால் அவர்கள் பிள்ளைகள் நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை. எல்லாரும் திவாகரைப் பார்த்தார்கள்.

திவாகர் வெறும் துணியாய்க் கிடந்த ஜன்னல் இடைவெளியைப் பார்த்தார், சாகுலின் கடலைப் பார்த்தார், துணியிலிருந்து சொட்டுகிற மண்ணெண்ணெயைப் பார்த்தார். இவர்கள் செய்துவிடுவார்கள் என்று அவருக்குப் புரிந்தது. "என்ன செய்யணும்?" என்றார்.

"தகட்டக் கழட்டுங்க" என்றார் சாகுல். "நீங்களே கழட்டுங்க."

தச்சர்கள் வாசலில் உட்கார்ந்திருந்ததால் திவாகருக்குத் திருப்புளி பிடித்துத் தருவதற்கும் ஆள் இல்லை. நல்ல சட்டையோடு தரையில் உட்கார்ந்து, பெயர் தெரியவில்லை, பெயர் தெரியவில்லை என்று எழுதியிருந்த தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார், ஒவ்வொன்றுக்கும் அந்தப் படத்துக்காரர் மேலே நின்று தன் பெயரைச் சொன்னார், அவர் அதைத் திருப்பிச் சொன்னார், சரியாகச் சொல்லவில்லையென்றால் மறுபடி சொல்லச் சொன்னார்கள். அந்தச் சத்தம் வெளியே வாசல்வரை கேட்டது. பெட்டிகளைப் பிரித்துத் தச்சர்கள் முன்வாசலுக்கு அகலமான கதவு செய்து போட்டார்கள், அது சாத்தப்படுவதே இல்லை. வெட்டுவதற்கு முன்னும் அனுப்புவதற்கு முன்னும் கேட்பது என்பதை ஊர் முன்னால் திவாகர் வாயால் சொல்லவைத்து வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஓவியர்கள் அவரவருக்குத் தோன்றியபோது போய் முடித்தார்கள், சிலர் ஒரே நாளில், சிலர் ஒரு மழைக்காலம் முழுக்க. சாகுலின் கடல் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது, என்ன அவசரம் என்கிறார். ஜன்னல்களுக்கு நடுவே வெறும் துணி தொங்குகிறது, கீழே அமலோற்பவம் என்று எழுதியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதற்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

அடுத்த வருஷம் அந்த வெளிநாட்டுக் கண்காட்சிக்காரர்கள் மறுபடியும் படம் கேட்டார்கள். அவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்த ஒரு முழப் படம் வேண்டும், அதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். திவாகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அமலோற்பவம் வீட்டுக்கு வந்தார், செருப்பை வெளியே விட்டார், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார், படத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ப் பத்திரமாகக் கொண்டுவருவோம், பெயரைப் பெரிதாகப் போடுவோம், நீங்கள் சம்மதித்தால் மட்டும்தான் என்று மெதுவாகச் சொன்னார். உண்மையாகவே கேட்டார், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"எங்கிட்ட கேட்டா எப்படி?" என்றாள் அமலோற்பவம். "அவ மக அந்தா இருக்கா, அவகிட்டக் கேளுங்க."

அவர் திரும்பி ஜெசிந்தாவிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடியும் கேட்டார். ஜெசிந்தா காப்பியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, அவர் முடிக்கிறவரை மரியாதையாக நின்று கேட்டாள்.

"வீடு தேடி வந்து கேட்டீயல்லா சார், ரொம்பச் சந்தோசம்" என்றாள். "தரமாட்டோம். காப்பியக் குடிச்சிட்டுப் போங்க."